விரதம் இருந்த வெளிமான்கள்

அந்த ஆண் மானின் முறுக்குக் கொம்பில் மஞ்சள் பூசி, கழுத்தில் செவந்தி மாலை போட்டிருந்தார்கள். அது பொங்கலோடு மாலையையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது. இன்றும் கண்ணில் நிற்கிறது.

மதுரைக்கு மேற்கே எங்கள் ஊர்ப் புல்வெளியில் ஒரு காலத்தில் வெளிமான்கள் மந்தை மந்தையாக மேய்ந்தனவாம். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுட்டே தீர்த்துவிட்டார்கள். எங்கள் ஜமீன்தாரின் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். அது உறுத்தியோ என்னவோ, மகன் கிழக்குக் கடற்கரைப் பக்கமிருந்து மான்களைக் கூண்டில் அடைத்து மாட்டு வண்டியில் வரவழைத்தார். பாதி மான்கள் வழியிலேயே பயத்தில் செத்துப்போயின. பிழைத்தவற்றை அரண்மனைத் தோட்டத்தில் வளர்த்து, கொஞ்சம் பெருகியதும் புல்வெளியில் விட்டோம். அவற்றைக் காக்கும் வேலை எனக்கு.

யாரும் அடித்துத் தின்றுவிடக் கூடாதே என்று அய்யனார் கோயில் பூசாரியிடம் போனேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது. அவருக்கு அதுதான் தொழில். கோயில் காளையை நேர்ந்து விடுவதுபோல் மான்களையும் சாமி பெயருக்கு நேர்ந்து விட்டார். அதன்பின் ஒரு கல்கூட அவற்றின் மேல் விழவில்லை. ஆனால் சாமி மானைச் சும்மா கும்பிட்டுவிட்டுப் போக எங்கள் சனத்துக்கு மனம் வருமா? ஆளாளுக்குப் பொங்கல் வைத்தார்கள். அரண்மனையில் என் கையில் வாங்கித் தின்று பழகிய மான்கள் ஓடாமல் நின்று தின்றன. வயிறு ஊதி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மாலை போட்ட மானும் போயிற்று. இன்னொன்று செத்தால் மிச்சத்தைக் கூண்டுக்கே கொண்டுவந்துவிடும்படி ஜமீன்தார் சொல்லி அனுப்பினார். மிச்சத்தில் ஒன்று சினையாக இருந்தது.

பூசாரியிடம் ஓடினேன்.

“நாய் வந்தா கம்பெடுத்து வெரட்டலாம் மாப்ள. நேத்திக்கடனோட வாரவுகள எதை எடுத்து வெரட்ட?”

“நீங்கதேண்ணே நேந்து விட்டீக.”

“கேட்டது யாரு? ஊமைக்கு இன்னைக்குத்தேன் வாய் வந்திருக்கு!”

அந்த வெள்ளிக்கிழமை அவர் மேல் சாமி இறங்கியது. “எம் மானு விரதம்டா! அதுக்குச் சோறு காட்டாதீக!”

பொங்கல் பானையோடு நின்ற ஓர் அம்மாள் விடவில்லை. “எம்புட்டு நாளைக்கு சாமி?”

பூசாரி இதை யோசித்திருக்கவில்லை. ஆடிக்கொண்டே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. “நான் சொல்ற வரைக்கும்!” என்று முழங்கிவிட்டு, அவசரமாக மலையேறிவிட்டார்.

பொங்கல் நின்றது. பூசாரி வீட்டுக்குப் போகும் பங்கும் நின்றது. “மானுக்கு விரதம்னா நமக்குமா?” என்று அவர் மனைவி ஏசியது தெருவுக்கே கேட்டது. மான்கள் சில நாள் கோயில் வாசலில் வந்து காத்து நின்றன. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கம்பை வீசி விரட்டினேன். மெல்ல மெல்லப் புல்லுக்குத் திரும்பின.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலையில், சினையாக இருந்த மானைக் குட்டியோடு நானும் பூசாரியும் பார்த்தோம். என்னையறியாமல், அரண்மனையில் தீனிக்குக் கூப்பிடுவதுபோல் நாக்கைச் சொடுக்கி அழைத்தேன். அது தலை நிமிர்ந்து பார்த்தது. மறுகணம் தாயும் குட்டியும் துள்ளிப் பாய்ந்து மறைந்துவிட்டன.

“ஒன்னையப் பாத்தே ஓடுதுய்யா மாப்ள!” என்று பூசாரி என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

இப்போது அங்கே ஒரு சிறு மந்தை மேய்கிறது. என்னைக்கூட அது பக்கத்தில் விடுவதில்லை. தூரத்து வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.