எக்ஸ்ரே பெரியம்மாவும் காற்றுப் பெட்டியும்

எங்கள் பெரியம்மாவுக்குத் தெருவில் வைத்த பெயர் எக்ஸ்ரே. கதவைத் தட்டுகிறவர் யார், எதற்கு வந்தார், உண்மையிலேயே அதற்குத்தான் வந்தாரா என்று ஊடுருவிப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை நீக்குவாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டு கடைகளில் காட்டி, இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால் மட்டுமே வாங்குவாள். வீட்டுக்கு வருகிற பில்லை எல்லாம் திருப்பிப் பின்பக்கமும் படிப்பாள்.

தொழில் தையல். சட்டை, பாவாடை எல்லாம் இல்லை, உறைகள். நாற்காலிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, பைக் சீட்டுக்கு உறை. அந்தத் தெருவில் அதற்குக் கிராக்கி அதிகம். கல்குவாரி லாரிகள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகின்றன. துடைத்து வைத்த மேசையில் கொஞ்ச நேரம் கழித்து விரலால் பெயர் எழுதலாம்.

பெரியப்பா ரிட்டையரான பஸ் கண்டக்டர். பாதி ஊருக்குக் கேட்கிற மாதிரி நிறுத்தத்தின் பெயரைக் கத்திய மனிதர், இப்போது ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்கிறார். "தூசி போகணும், இல்லேன்னா இவர் போகணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "எங்கேன்னு மட்டும் டாக்டர் சொல்லல" என்பார் பெரியப்பா.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. புள்ளியியல் படித்தேன். கிராமத்திலிருந்து வந்து பெரியம்மா வீட்டு முன்னறையில் தங்கி, நகரசபையின் நல்வாழ்வு அளவீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வேலை இதுதான்: ஒவ்வொரு தெருவிலும் மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்பது, அங்குள்ள காற்றும் நீரும் மண்ணும் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று கருவி வைத்து அளப்பது, இரண்டையும் சேர்த்துத் தெருவுக்கு ஒரு மதிப்பெண் போடுவது. மதிப்பெண் குறைந்த தெருவுக்குத்தான் நகரசபை முதலில் கை கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தெருவுக்குக் குறைவாக வந்தால் லாரிகள் புறவழிச் சாலைக்குத் திருப்பப்படும். பெரியப்பா தன் வீட்டிலேயே மூச்சு விடலாம். கோடை முடிந்ததும் நடந்துவிடும் என்று அவரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன்.

மூலைவீடு என்பதால் காற்றை அளக்கும் பெட்டி பெரியம்மாவின் மொட்டைமாடிக்குத்தான் வந்தது. அதை மாட்ட வந்தவனைப் பெரியம்மா ஏணியிலேயே நிறுத்தி விசாரித்தாள்.

"உள்ள கேமரா இருக்கா?"

"இல்லம்மா. காத்துல தூசி எவ்ளோன்னு மட்டும் பாக்கும்."

"பாத்து?"

"ஆபீசுக்குச் சொல்லும்."

"அதைத்தான் கேட்டேன். வேற என்னெல்லாம் சொல்லும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். போகிறபோது அவன் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான்: "பத்திரமா பாத்துக்கங்கம்மா. வெளிநாட்டு மிஷின். ஏதாவது ஆச்சுன்னா வீட்டுக்காரங்கதான் பொறுப்பு."

அடுத்து, கேள்வி கேட்க ஓர் இளம்பெண் வந்தாள். சொந்தக்காரன் என்பதால் இந்தத் தெருவுக்கு என்னை அனுப்பவில்லை. பூஜ்யம் என்றால் வாழ்க்கை மிக மோசம், பத்து என்றால் இதைவிட நல்ல வாழ்க்கை இல்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பெரியம்மா ஒன்பது என்றாள்.

"ஏன் பெரியம்மா ஒன்பது?" என்றேன் பிறகு.

"பத்துன்னா பொய்யுன்னு கண்டுபிடிச்சிருவா."

கோடை முடிந்து மதிப்பெண் வந்தது. நகரத்திலேயே மிகச் சிறப்பாக வாழும் தெருக்களில் ஒன்று எங்களுடையது. மக்களும் மகிழ்ச்சி, காற்றும் சுத்தம். லாரிகளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை என்று மேலாளர் ஃபைலை மூடப்போனார்.

எனக்கு நெஞ்சு ஆறவில்லை. தினமும் காலையில் சைக்கிள் சீட்டைத் துடைத்துவிட்டு ஏறுகிறவன் நான். குவாரிக்காரன் யாரையோ கைக்குள் போட்டுக்கொண்டான் என்று நினைத்தேன். பெட்டி மாட்டியவனைச் சந்தேகப்பட்டேன். மேலாளர் என்றைக்கும் இல்லாமல் தேநீர் வாங்கிக் கொடுத்தார், அவரையும் சந்தேகப்பட்டேன். கணினியில் அந்தப் பெட்டியின் அளவுகளை விரித்துப் பார்த்தபோது குழப்பம் கூடியது. லாரி ஓடுகிற பகலில் மலையுச்சிக் காற்று மாதிரி சுத்தம். லாரியே இல்லாத இரவில்தான் தூசி!

நான் மாடியையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பெரியம்மா பார்த்துவிட்டாள். "என்னடா, என் வீட்ல சாப்பிட்டுட்டு என்னையே வேவு பாக்கறியா? ஆபீஸ்ல சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்ல பெரியம்மா."

"இவ்ளோ சீக்கிரமா இல்லைன்னா, ஆமான்னு அர்த்தம்."

மறுநாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நேராக மாடி ஏறினேன். வெளிநாட்டு மிஷின் நீல நிற உறையில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. கழுத்தில் எலாஸ்டிக். கீழே சுருக்கு வைத்து அழகாக மடிப்புகூட எடுத்திருந்தாள்.

பெரியம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். "ஏன்டா அப்படிப் பாக்கற? மாத்திப் போட இன்னொண்ணும் தச்சிருக்கேன்."

"பெரியம்மா! இது தூசியை அளக்கற மிஷின்!"

"தெரியும். அதுக்காகத் தூசியிலயே போட்டு வைப்பாங்களா? கெட்டுப்போச்சுன்னா நம்ம தலையில கட்டிட்டுப் போறதுக்கா? லாரி ஆரம்பிக்கறப்போ போட்டு, நின்னதும் எடுத்துருவேன். பாவம், அதுவும் மூச்சு விடணுமில்ல."

நான் அப்படியே தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். மெதுவாக விளக்கிச் சொன்னேன். இந்தப் பெட்டி தூசி தின்றால்தான் லாரி நிற்கும் என்றேன். அவள் உறையைக் கழற்றி மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் சொன்னதை நம்பியது முகத்தில் தெரிந்தது. நம்பாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

மேலாளரிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார். "உங்க பெரியம்மா வீடு. உங்க பெரியப்பாவுக்கு மூச்சு வாங்குது. இப்ப நீங்களே வந்து அளவு தப்புங்கறீங்க. நான் நம்பறேன் தம்பி. நகரசபைக் கூட்டத்துல நம்புவாங்களா? உறை போட்டவங்க வந்து சொல்லட்டும்."

பெரியம்மா மாட்டேன் என்றாள். "நான்தான் பண்ணேன்னு சபையில ஒத்துக்கணுமா? புடிச்சு உள்ள வச்சிருவாங்க."

கட்டிலில் சாய்ந்திருந்த பெரியப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். "உள்ள வச்சா... என்னையும் கூட்டிட்டுப் போ. அங்க லாரி இருக்காது."

போனாள். நகரசபைக் கூடத்தில் தலைவியம்மாவுக்கு எதிரில் நின்று, உறையை எடுத்து மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். குவாரிக்காரர் எழுந்தார். "இப்படிச் சொல்லச் சொல்லி உங்களுக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

"எனக்கா? நான் யார் சொல்லியும் கேக்கறவ இல்ல. வேணும்னா தெருவுல விசாரிங்க."

எங்கள் தெருவிலிருந்து வந்திருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள்.

"சரி, காத்து விஷயம் புரியுது" என்றார் தலைவியம்மா. "ஆனா வாழ்க்கைக்கு ஒன்பதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க தெருவே எட்டு, ஒன்பதுன்னுதான் சொல்லியிருக்கு."

"முன்னப்பின்ன தெரியாத பொண்ணு வாசல்ல நின்னு நல்லா இருக்கீங்களான்னு கேட்டா வேற என்னம்மா சொல்றது? என் வீட்டுக்காரர் படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தே தூங்கறாருன்னு அவகிட்ட சொல்லவா? சொன்னா அவ என்ன பண்ணுவா? பக்கத்து வீட்ல போய்ச் சொல்லுவா."

"இப்ப நான் கேட்டா?"

பெரியம்மா அவரை எக்ஸ்ரே எடுத்தாள். "குறைச்சுச் சொன்னா லாரி போயிருமா?"

"அப்படி வாக்குக் குடுக்க முடியாது. உள்ளதைச் சொல்லுங்க."

அந்தப் பதில் எப்படியோ அவளுக்குப் பிடித்துவிட்டது. "மூணு" என்றாள். பிறகு எழுத்தரிடம் திரும்பி, "எழுதினதைக் காட்டுங்க" என்றாள்.

தீர்மானம் வந்தது. பழைய அளவுகள் செல்லாது; இன்னொரு கோடை முழுக்கப் புதிதாக அளக்க வேண்டும். அதுவரை லாரிகள் இதே வழியில். ஒரு முழுக் கோடையின் அளவுகள் இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது என்று கல்லூரியில் பரீட்சைத்தாளில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் நான். கூடத்தை விட்டு வெளியே வரும்போது பெரியம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பெரியப்பாவால் காத்திருக்க முடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டுக்கு அனுப்பினோம். பெரியம்மா போகவில்லை. அடுத்த கோடையில் அளவு மறுபடி தொடங்கியது. தான் இல்லாவிட்டால் குவாரி ஆட்கள் பெட்டியில் எதையாவது செய்துவிடுவார்கள் என்று தையல் மிஷினை மாடிக்கு ஏற்றி, பெட்டிக்குப் பக்கத்திலேயே குடைக்குக் கீழ் உட்கார்ந்து தைத்தாள். சாயங்காலமானால் பெரியப்பாவிடமிருந்து போன் வரும்.

"தூசி எப்படி?"

"நல்லா இருக்கு. நிறைய வருது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அளவு சிவப்புக்கு வந்துருச்சுன்னு இவன் சொல்றான்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

சில நாட்களில் அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. கேட்டால் "தொண்டையில நூல்" என்றாள். எந்த நூல் அப்படி இரும வைக்கும்? நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா என் போனுக்கே அழைத்துவிட்டார். மகள் வீட்டில் அவருக்குக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"அவ போன்ல பாதியில வாயை மூடிக்கறா. இருமறாளா? உண்மையைச் சொல்லு."

"இருமறாங்க பெரியப்பா."

"அவளை இங்க அனுப்பு. பெட்டியை நீ பாத்துக்க."

பெரியம்மா ஒரு வாரம் பிடிகொடுக்கவில்லை. ஆபீஸ்காரன் கையில் ஆபீஸ் பெட்டியை விடுவதா என்றாள். நான் வேலைக்குப் போனபின் வீட்டில் யார் இருப்பது என்றாள். அதற்கு எதிர்வீட்டு அக்கா முன்வந்தார். அவரைப் பற்றி எதிர்சாரியில் விசாரித்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு லாரி போகும்வரை வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்தி நின்றவள், ஞாபகம் வந்தவளாக மறுபடி மாடி ஏறினாள்.

"இங்க வா. பெட்டி பக்கத்துல நில்லு."

நின்றேன். போனில் என்னையும் பெட்டியையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். பிறகு கிட்டே வந்து பெட்டியை மட்டும் நாலு பக்கமும் எடுத்தாள்.

"விட்டுட்டுப் போறப்போ எப்படி இருந்துச்சுன்னு என்கிட்ட இருக்கணுமில்ல" என்றபடி, பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.