வாசலோர நாற்காலி

கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். மண் மூட்டை தூக்கின உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்து, பூவாயி ஒன்பது வருஷம் குடித்தாள். அந்த ஒன்பது வருஷமும் விருத்தாசலத்தில் ஒரே பீங்கான் பட்டறையில்தான் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்துப் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்க வேண்டும். காலையில் கை நடுங்கும். நாலு பொம்மைக்கு ஒரு மூக்கு போகும். முதலாளி திட்டுவார், கூலியில் பிடிப்பார், ஆனால் ஒருநாளும் போகச் சொன்னதில்லை. பாதிக் கூலிக்கு ஆள் கிடைத்தால் கசக்குமா?

நான் தர்மராஜ், ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவன். குடியை விட்டு எட்டு வருஷம். என்னைப் போன்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறு சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுகிறோம். டாக்டர் கிடையாது, உபதேசம் கிடையாது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்போம். கட்டுப்பாடு இரண்டே இரண்டு. இங்கே பார்த்ததும் கேட்டதும் வெளியே போகக்கூடாது. தவறிவிட்டால் ஒளிக்காமல் வந்து, வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து, நாள் கணக்கை மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

அந்த நாற்காலியில் பூவாயி மூன்று முறை உட்கார்ந்தாள். இத்தனை ஆம்பளைகள் நடுவே ஒற்றைப் பொம்பளையாகப் படியேறி வருவதற்கே தனி நெஞ்சு வேண்டும். நாலாவது முறை பிடித்து நின்றுவிட்டாள். போன மாசம் ஒரு வருஷம் முடிந்தது. கேக் வெட்டினோம். கத்தி பிடித்த கை துளியும் ஆடவில்லை. எனக்குக் கண் கலங்கி, அந்தப் பூரிப்பில் ஒரு போட்டோ எடுத்தேன்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. எங்கள் தெரு நற்பணி மன்றத் தலைவர் நடராசன் ஆட்டோவில் வந்தபோது வாய் சும்மா இருக்காமல் பெருமை பேசி, போட்டோவைக் காட்டினேன். அனுப்பு என்றார், அனுப்பித் தொலைத்தேன். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டு எதிரே பத்தடி பிளெக்ஸ்: 'குடியை வென்ற வீரப் பெண்மணி பூவாயி'. அவள் முகத்தைவிட நடராசன் முகம் பெரிசு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா அந்த ஆள்? அவனை விடுங்கள், நான் கேட்டேனா?

மறுநாளே முதலாளி வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். குடிகாரப் பொம்பளையை வைத்திருக்கிறாரே என்று நாலு பேர் பேசுகிறார்களாம். அடப்பாவி! ஒன்பது வருஷமாக அந்த மூக்குக்கு வாடையே வரவில்லையா? அதே பட்டறையில் தினம் தள்ளாடி வரும் ஆம்பளைகளில் யாரை நிறுத்தினார்?

பிளெக்ஸை நானே கிழித்து இறக்கினேன். கிழித்தால் ஊர் பார்த்தது இல்லையென்று ஆகிவிடுமா? பூவாயி போன் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. அவள் மறுபடி குடித்தால் அந்தப் பாவம் என் தலையில்தான். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே போய் வாசலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"நான் குடிக்கல," என்றாள். "கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். கை நடுங்குனப்ப வேல குடுத்தாங்க. கை நின்னதும் வேணாங்குறாங்க."

பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"ஒக்காருங்கண்ணே. தவறுனது நீங்க. மொத நாளுலேருந்து எண்ணுங்க."

எட்டு வருஷம். யாராவது எனக்காகப் பேசுவார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். எல்லோர் கண்ணும் நாற்காலி மேல்தான். பேசியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். எழுந்து போய் உட்கார்ந்தேன்.

"என் பேரு தர்மராஜ்," என்றேன். "இன்னைக்கு எனக்கு மொத நாளு."