இரண்டு கை கேட்கும் தூண்டில்

கனடாவில் நர்ஸாக இருக்கும் என் பேரன் போன வாரம் வீடியோவில் கூப்பிட்டான். இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற தூண்டில் ஒன்றை முதன்முதலாக வாங்கப் போகிறானாம். அங்கே ஆறுகள் மிக அகலமாம். கரையில் மரங்கள் நெருங்கி நிற்பதால், முதுகுக்குப் பின்னால் நூலைச் சுழற்ற இடம் கிடைக்காதாம்.

"தாத்தா, முதல்ல வாங்குறவனுக்கு பன்னிரண்டு அடி மதியா, இல்லே இன்னும் நீளம் வேணுமா? நீங்க சின்ன வயசிலே ஒண்ணு வச்சிருந்ததா அம்மா சொன்னாங்களே."

கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகியவன். அன்று மட்டும் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு குளத்தூரில், கிறிஸ்தவச் சபைப் பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்தது. அப்பா அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். அண்ணனுக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கை சூம்பிப் போயிருந்தது. தோளிலிருந்து அது ஒரு ஈரத்துணியைப் போலத் தொங்கும். எனக்கு இரண்டு கைகளும் இருந்தன. ஆனால் வீட்டில் மீன் கொண்டுவருகிறவன் அண்ணன்தான்.

பள்ளி விட்டதும் மூங்கில் கம்போடு ஆற்றுக்குப் போவான். கம்பை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தூண்டில் முள்ளைப் பல்லால் கடித்துப் பிடித்து, வலது கையால் மண்புழுவைக் கோப்பான். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கும். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விளக்கு வைக்கும் முன் ஓலைக்கீற்றில் கோத்த கரிமீனோ வராலோ எங்கள் சமையலறைக்கு வந்துவிடும். நானும் அவனோடு போவேன். அவனுக்கு அருகிலேயே உட்காருவேன். என் தூண்டிலில் புழு ஊறி வெளுத்துப்போகும், அவ்வளவுதான்.

"ரெண்டு கையும் வீசிட்டு வாறான் பாரு, எனக்க ராசா," என்று அம்மா சிரிப்பாள். மீனைக் கல்லில் உரசிக்கொண்டே சொல்வாள். அதில் விஷம் ஒன்றும் கிடையாது. அடுத்த நிமிடமே மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைக்கிறவளும் அவள்தான். ஆனால் அந்தச் சிரிப்பை நான் எங்கேயோ சேர்த்துவைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுடன் பிறந்த மாமா மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கோடை விடுமுறைக்கு அண்ணனை மட்டும் அங்கே கூட்டிப்போயிருந்தார். துரை ஓடையில் மீன் பிடிக்கும்போது இவன் கரையில் நின்று பார்த்திருக்கிறான். ஒருநாள் துரை தன் தூண்டிலை இவன் கையில் கொடுத்தாராம். புழு கிடையாது, மிதப்பு கிடையாது. இறகு கட்டிய சின்ன முள். கனமான பட்டுநூலை முன்னும் பின்னும் ஆட்டி, அதன் கனத்தாலேயே தூரத்துக்கு அனுப்ப வேண்டும். அண்ணன் ஒற்றைக் கையால் அனுப்பிவிட்டான். திரும்பி வந்த பிறகு அவன் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். வெறும் கம்பைக் காற்றில் ஆட்டி எனக்குக் காட்டுவான்.

"அந்தக் கம்பு நம்ம ஆத்துக்கு வந்தா இருக்கே, நடு ஆத்துல கிடக்கிற மீனு மொத்தம் நமக்காக்கும்."

துரை தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். மாமாவின் வேலை போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். புதிய முதலாளி தன்னை வைத்துக்கொண்டால், துரை போகும்போது எதைத் தந்தாலும் அதில் பாதியைச் சபைக்குக் கொடுப்பதாக மாமா நேர்ந்துகொண்டார். வேலை நிலைத்தது. துரை தந்தது இரண்டு தூண்டில்கள்.

சபையார் விளைச்சலைப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் அவற்றைக் காக்கித் துணி உறைகளில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். உறைகளைப் பாயில் விரித்து வைத்தார். ஒன்று குட்டை. அண்ணன் பிடித்துப் பார்த்தது அதுதான். மற்றது மூன்று துண்டுகளாகப் பித்தளைப் பூண் போட்டது. மாட்டி நிறுத்தினால் எங்கள் ஓட்டுக்கூரையைத் தாண்டும். துரை தன் ஊரிலிருந்து கொண்டுவந்தது. மலை ஓடைக்கு அது பெரிதென்பதால் உறையைவிட்டு வெளியே எடுக்காமலே வைத்திருந்தாராம்.

மாமா அதை முற்றத்தில் நின்று ஆட்டிக் காட்டினார். "மேல் கை சும்மா தாங்கும். கீழ்க் கைதான் இழுக்கும். ஒத்தைக் கையில இது நிக்காது மக்கா."

அதை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

ஒன்று வீட்டுக்கு, மற்றது நாளைக்குச் சபைக் கோவில் ஏலத்துக்கு. எது வீட்டுக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அண்ணன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து குட்டைத் தூண்டிலின் தக்கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொடக்கூட இல்லை. தொடாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடுகளில் எதைப் பங்கு வைத்தாலும் இளையவன்தான் முதலில் எடுக்க வேண்டும். நிலமானாலும் சரி, சக்கைப்பழச் சுளையானாலும் சரி. இளையவன் கை வைத்துவிட்டால் பிறகு மாற்றுவதில்லை. இங்கே அது வெறும் சடங்கு. நான் குட்டையைத் தொட வேண்டும், அண்ணன் அதை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓட வேண்டும்.

"எடு மக்கா," என்றார் மாமா, வெற்றிலையை மடித்தபடி.

நான் நீளத் தூண்டிலில் கை வைத்தேன்.

அதன் பளபளப்பில் மயங்கி எடுத்தேன் என்று இத்தனை காலமும் பிறரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். குட்டைத் தூண்டில் வீட்டுக்கு வந்தால் அண்ணன் இன்னும் அதிகம் மீன் கொண்டுவருவான். நீளத் தூண்டிலை அவனால் பிடிக்கவே முடியாது. இந்தக் கணக்கு எனக்குச் சுத்தமாகத் தெரிந்திருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதுக்கு அது போதும்.

மாமா வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அம்மா சமையலறை வாசலில் நின்று, "அய்யோ, இந்தப் பய அறியாமச் செய்யுதான், மாத்தி எடுக்கட்டு," என்றாள்.

"கை வச்சாச்சே அக்கா. மத்தது இனி கர்த்தருக்கு உள்ளதாக்கும்," என்றார் மாமா. நேர்ச்சை விஷயத்தில் அவருக்குப் பயம் அதிகம்.

அப்பாவுக்கு மட்டும் புரிந்துவிட்டது. இத்தனை பிள்ளைகளை நாள்தோறும் பார்க்கிறவர் அவர். நாற்காலியிலிருந்து எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"எலே, நெசத்தைச் சொல்லு. தெரிஞ்சுதானே எடுத்தே?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் கையை ஓங்கியது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் அண்ணன் எழுந்து இடையில் வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அடிக்காதீங்க அப்பா. அவன் நமக்கு ரெண்டு பேருக்கும் சேத்தாக்கும் எடுத்தான். மேல் கை எனக்க கை, கீழ்க் கை அவனுக்க கை. சேந்து வீசுவோம். இல்லியாலே?"

நான் தலையாட்டினேன். அப்பாவின் கை இறங்கியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தலையைத் தடவி, இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்றாள். அண்ணன் ஒரு மடையன், நம்பிவிட்டான் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் கோவில் முற்றத்தில் வாழைக்குலைகளுக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் காலில் கயிறு கட்டிய சேவல்களுக்கும் நடுவே குட்டைத் தூண்டிலும் நின்றது. ஏலம் விட்டவர் அதைத் தூக்கிப் பிடித்து, "வெள்ளைக்காரன் கம்பு, பாம்பையும் பிடிக்கலாம், மாமியாரையும் பிடிக்கலாம்," என்றார். கூட்டம் சிரித்தது. பாலராமபுரத்தில் கைத்தறி வியாபாரம் செய்கிற உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். அவருக்கு மீன் பிடிக்கத் தெரியாது. பிற்பாடு ஒருநாள் நானும் அண்ணனும் அவர் வீட்டு வழியாகப் போனபோது, வேலைக்காரப் பெண் அந்தக் கம்பின் நுனியில் ஒரு வளைந்த கத்தியைக் கட்டி முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நின்று பார்த்தான். பிறகு, "நல்ல நீளம்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

ஆனால் அதற்கு முன்பே, பண்டிகை முடிந்த சனிக்கிழமை, நாங்கள் நீளத் தூண்டிலோடு ஆற்றுக்குப் போனோம். அண்ணன் தன் வலது கையால் மேல்பிடியைப் பிடித்தான். நான் அவனுக்குக் கீழே ஒட்டி நின்று அடிப்பிடியைப் பிடித்தேன். முதலில் நூல் எங்கள் கழுத்தில்தான் சுற்றியது. "நான் எப்போ சொல்லுதேனோ அப்போ இழு," என்றான். பலமுறை தப்பியது. பிறகு ஒருமுறை, அவன் சொன்ன அதே நொடியில் நான் இழுத்தேன். நூல் தண்ணீரிலிருந்து முழுசாக எழுந்து, வளைந்து, விரிந்து, ஆற்றின் பாதியைத் தாண்டிப் போய் ஓசையில்லாமல் இறங்கியது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி சத்தமாக, "ஒத்தைக் கையன் எறிஞ்சது கண்டியாடி!" என்றாள்.

அவர்கள் கண்ணில் நான் படவே இல்லை.

அடுத்த வீச்சில் அண்ணன் "இழு" என்றபோது நான் பிடியை விட்டேன். கம்பின் பாரம் முழுவதும் அவனுடைய ஒரு கையில் விழுந்தது. அது அவனை முன்னால் இழுத்தது. சேற்றில் கால் வழுக்கி முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தான். இடுப்பளவு ஆழம்தான். ஆனாலும் ஒற்றைக் கையால் ஊன்றி எழ முடியாமல் அவன் கொஞ்ச நேரம் திணறியதை நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தபோது காதின் பின்னால் முள் குத்தி ரத்தம் வடிந்தது. மிதந்து போகப் பார்த்த கம்பைப் பிடித்து என்னிடம் நீட்டினான்.

"காத்து அடிச்சிட்டு," என்றான். "ரெண்டு கை உள்ளவன் நீயே வீசு. நான் பாத்துட்டு இருக்கேன்."

என்னால் அதைத் தனியாக வீச முடியவில்லை. சீக்கிரமே தூண்டில் பரண் மேல் ஏறியது. அண்ணன் தன் மூங்கில் கம்பையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. காரணம் கேட்டால் பரீட்சை என்பான். அம்மா மீன்காரியிடம் மீன் வாங்க ஆரம்பித்தாள்.

அண்ணன் காரோடு என்ற ஊரில் வீடு கட்டி, பிள்ளைகளைப் பெற்று, நல்லவன் என்று பெயர் வாங்கி, இறந்தும் போனான். கடைசி மாதங்களில் நான் நாள்தோறும் பஸ் ஏறிப் போய் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் போனேன். மருந்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பினேன். படித்தவனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

அப்பாவின் முன்னால் அவன் சொன்னதை அவனே நம்பியிருந்தால், அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒருமுறையாவது, "வாலே, ஆத்துக்குப் போவோம்," என்று என்னைக் கூப்பிட்டிருப்பான். என் கீழ்க் கை இல்லாமல் அவனால் முடியாது அல்லவா? அவன் கூப்பிடவே இல்லை. மடையன் அவன் இல்லை; தெரிந்தேதான் அன்று அப்பாவிடமிருந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறான். மறுவாரமும் அதற்கடுத்த வாரமும் பள்ளி விட்டு வந்து, அவன் கூப்பிடுவானோ என்று பயந்து பயந்து கொல்லைப்புறம் ஒளிந்திருந்தேன். கூப்பிடவில்லை என்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!