சங்கிலியின் மறுமுனை

புனேவுக்கு வெளியே ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருக்கிறோம். விடிந்ததும் பக்கத்தில் நின்ற ஜீப் உறுமிக் கிளம்புகிறது. பின்னாலேயே எங்கள் ஜெனரேட்டரும் புல்லில் இழுபட்டுப் போகிறது. திருட்டுப் போகக் கூடாதென்று நேற்று மாலை கனத்த சங்கிலியால் அந்த ஜீப்பின் கொக்கியில் இரண்டு பூட்டுப் போட்டுப் பிணைத்தவன் நான்தான். முகாமுக்குச் சொந்தமான வண்டி, அசையாது என்று நினைத்துவிட்டேன்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று செருப்பில்லாமல் ஓடுகிறேன்.

ஓட்டுநர் எட்டிப் பார்க்கிறார். "தமிழா? நானும் தமிழ்தான் அண்ணா, வீடு புனேல கட்கி. நேத்து முகாமுக்கு ஆளுங்கள விட வந்தேன், இப்ப வீட்டுக்குக் கிளம்பிட்டேன்."

மூச்சிரைக்கச் சாவியைத் துழாவுகிறேன். அவர் இறங்கி வந்து இரண்டு பூட்டுகளையும் இழுத்துப் பார்க்கிறார்.

"ஏக்தம் பக்கா, ரொம்பக் கெட்டியான வேலை. நீங்க எழுந்திருக்கலேன்னா, எனக்கே தெரியாம நான் திருடனாயிருப்பேன்."