மோட்டார் சைக்கிளுக்கு ஜெபம் செய்த நாள்

ஜெபம் நடக்கும்போது கண்ணைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பதினோராவது கற்பனை. மோசே கொண்டுவந்த பத்துக் கட்டளைகளில் ஒன்றிரண்டு அசைந்தால்கூட அப்பா பொறுத்துக்கொள்வார். இதை மீறினால் தலையில் குட்டு விழும். நானோ கண்ணை மூட முடியாத பிறவி. எல்லாரும் தலை குனிந்திருக்கும்போது எந்த மூப்பர் தூங்கி வழிகிறார், யார் உதடு எப்படிக் கோணுகிறது என்று பார்ப்பதில் எனக்கு அலாதி ஆசை. ஒவ்வொரு தடவையும் எப்படியோ அப்பாவிடம் மாட்டிக்கொள்வேன்.

முப்பதுகளில் மயிலாப்பூரின் தென்கோடியில் இருந்தது எங்கள் சபை. சின்னக் கோயில், பெரிய மணல் முற்றம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் போகும்போது தம்முடைய மோட்டார் சைக்கிளையும், அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சைடு காரையும் சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றச் சபைகளில் உபதேசியார் நடந்தோ மாட்டுவண்டியிலோ ஊழியத்துக்குப் போய்க்கொண்டிருக்க, எங்கள் சபையில் மட்டும் சுவிசேஷம் படபடவென்று புகை கக்கிக்கொண்டு போயிற்று. ஓட்டுகிறவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மவுண்ட் ரோட்டில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் வேலை பார்த்தவர். வேதவாக்கியங்களில் அவருக்கு அவ்வளவு பயிற்சி கிடையாது. ஆனால் அந்த வண்டியைக் கிளப்பச் சபையில் வேறு ஆள் இல்லாததால், அவரை ஊழியக்காரர் என்றே எல்லாரும் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டு வருஷம் ஓட்டியும் பெரிய பலன் ஒன்றும் இல்லை. கடலோரக் குப்பங்களுக்கு வண்டி போய் நின்றால் பிள்ளைகள் பாய்ந்து வருவார்கள், ரப்பர் ஹாரனைப் பிடித்து அமுக்குவார்கள். ஆண்கள் தூரத்தில் வலையைப் பின்னிக்கொண்டே ஒரு பார்வை பார்ப்பார்கள். பெண்கள் குடிசையை விட்டு வெளியே வரவே மாட்டார்கள். மாமாவும் உபதேசியாருமாக முன்பின் தெரியாத இரண்டு ஆண்பிள்ளைகள் வந்து நின்றுகொண்டு பாடினால் எந்தப் பெண் வருவாள்?

வரப்போகும் வருஷத்துக்கு என்ன ஏற்பாடு என்று டிசம்பரில் சபையார் கூடிப் பேசியபோதுதான் அத்தை எழுந்து நின்று, சைடு காரில் தன்னை அனுப்பும்படி கேட்டாள். அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பறிகொடுத்து எங்கள் வீட்டோடு வந்தவள். ஆர்மோனியம் வாசிப்பாள். மயிலாப்பூரில் நாலைந்து தெருக்களில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அவள் வேலை. எங்கள் வீட்டில் அவள் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றுதான் முதல் தடவை கேட்டாள்.

கோயிலில் ஒரு சலசலப்பு. பெரிய மூப்பர் என்று ஒருவர் இருந்தார். எதற்கும் ஒரு தடை கண்டுபிடிப்பதே தமக்குக் கிடைத்த வரம் என்று நம்பியவர். ஒரு விதவைப் பெண் ஆண்பிள்ளை ஓட்டும் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போனால் புறமதத்தார் என்ன சொல்வார்கள் என்றார். புறமதத்தாரைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்பட்டது அன்று ஒரு நாள்தான். கடைசியில் எல்லாரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா சபையின் காரியதரிசி, அத்தைக்கு அண்ணன், இரண்டும் சேர்ந்தவர்.

அப்பா ராயப்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பொய் சொல்லமாட்டார். வேண்டாத ஆள் வாசலில் வந்து நின்றால்கூட, “இருக்கிறேன், பார்க்க இஷ்டமில்லை” என்று சொல்லியனுப்புகிற ரகம். அன்று அவர் தங்கைக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. புத்தாண்டு அன்று ஒரு நாள் சோதனையாகப் போய்வரட்டும், துணைக்குத் தம் மகளான என்னையும் அனுப்பலாம், அதற்குமேல் மூப்பர் இஷ்டம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மூப்பர் விடவில்லை. அந்த விதவைப் பெண்ணுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் சரி, அதோடு இந்தப் பேச்சை மூடிவிட வேண்டும் என்றார். சரி என்றார் அப்பா. எனக்கு அப்பாமீது ஆத்திரமாக வந்தது. கூடப்பிறந்தவர் பேசுகிற பேச்சா இது?

அந்தக் கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க எங்கள் வீட்டில் புத்தாண்டு ஊழிய வேலைதான். கைப்பிரதிகளை மடித்து அடுக்கினோம். காணாமற்போன ஆட்டின் கதையைச் சொல்லும் படச்சுருளில் எலி கடித்த இடத்தில் அம்மா துணி ஒட்டினாள். ஆட்டின் ஒரு காது போனது போனதுதான். ஆர்மோனியத்தின் துருத்தியில் இருந்த ஓட்டையை மாமா சைக்கிள் ட்யூப் துண்டு வைத்து அடைத்தார். சைடு காரின் இருக்கைக்குள் புதுத் தேங்காய் நார் திணித்தோம். அத்தை வேலைக்கு நடுவே பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் வண்டியைக் கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுக்கும் ஜெபம். மயிலாப்பூரில் மற்றவர்கள் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். எங்களுக்கு அது ஆகாது. நாங்கள் எதை ஒப்புக்கொடுப்பதானாலும் அதன்மேல் கை வைத்து ஜெபிப்போம். குழந்தையானால் தலையில், புது வீடானால் கதவு நிலையில். மோட்டார் சைக்கிளுக்கும் அதே முறை.

மாமாவுக்கு ஒரு பயம். ஜெபம் முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் வண்டி ஒரே உதையில் கிளம்பாவிட்டால் மானம் போய்விடுமே! அதனால் இயந்திரம் சூடாக இருக்கட்டும் என்று லஸ் பக்கமாகச் சுற்றி, வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த மாம்பலம்வரை ஓட்டிவிட்டு, ஜெபத்துக்குச் சற்று முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்தினார். துடைத்த துடைப்பில் பளபளவென்று நின்றது. போதகர் எல்லாரையும் வண்டியைச் சூழ்ந்து முழங்கால்படியிடச் சொன்னார். மூப்பர்கள் முந்திக்கொண்டு இருக்கையையும் ஹாண்டில்பாரையும் பிடித்துக்கொண்டார்கள். மாமா விஷயம் தெரிந்தவர், முன்சக்கரத்தோடு நின்றுவிட்டார். பெண்கள் சைடு காரைத் தொட்டுக்கொண்டார்கள். ஊழியத்துக்குப் போகிறவள் ஆயிற்றே, நீ வண்டிக்கு அருகில் வா என்று அத்தையை அழைத்தார் போதகர். வலப்பக்கம் மட்டும் இடம் இருந்தது. அத்தை மணலில் முழங்கால்படியிட்டாள். முறைப்படி கண்ணை மூடிக்கொண்டாள். வலது கையை நீட்டினாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளங்கை புகைக்குழாயின் மேல் போய்ப் பதிந்தது.

வெடுக்கென்று இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். கத்தவில்லை. ஆனால் போதகர் முதல் வாக்கியத்தையே முடிக்காத நேரத்தில், “ஆமென்” என்று உரக்க ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. ஆவியானவர் அவளைத் தொட்டுவிட்டார் என்று நினைத்த இரண்டு மூன்று பேர் “ஸ்தோத்திரம்” என்றார்கள். பெரிய மூப்பர்கூடக் கண்ணை மூடியபடியே தலையாட்டினார். அதற்குப் பிறகு ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. அத்தையின் மூடிய கண்ணிலிருந்து நீர் ஒழுகியபடி இருந்தது.

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. எல்லாரும் அந்த ஆரவாரத்தில் இருக்கும்போது அத்தை என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கையைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“பாத்துட்டேல்ல? உங்கப்பாகிட்ட மூச்சு விடாத. ஒரு கீறல்னாலும் அவ்வளவுதான்னு சொல்லிருக்காங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பெரிய மனுஷி ரகசியத்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள்! அன்று படுக்கப் போகிறவரை நான் ஒற்றன் மாதிரி நடந்துகொண்டேன். சாப்பிட உட்காரும் நேரத்தில் அத்தைக்குப் பசியில்லை என்று நானே அறிவித்தேன். சாப்பாட்டுக்கு முன்பே அப்பா என்னை அழைத்து, முக்கில் இருந்த வெற்றிலைக் கடையில் கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கிவரச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. புத்தாண்டுக்கு விளக்குமாடத்தில் கரி படிந்த இடத்தில் பூசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு வாங்கிக் கொடுத்தேன்.

காலையில் ஆர்மோனியப் பெட்டியின் மேல் ஒரு பீங்கான் கிண்ணம் இருந்தது. சுண்ணாம்புத் தெளிநீரும் தேங்காய் எண்ணெயும் அடித்த வெள்ளைக் களிம்பு, வெண்ணெய் மாதிரி. பக்கத்தில் துவைத்த மல் துணி, நாடாவாகக் கிழித்துச் சுற்றி வைத்திருந்தது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ரகசியத்தில் எனக்குப் பங்காளி வந்துவிட்டதில் கொஞ்சம் எரிச்சல்கூட. அத்தை ஒன்றும் கேட்காமல் களிம்பைப் பூசிக் கட்டுப் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் புறப்பட்டோம். பின்னிருக்கையில் ஆர்மோனியத்தைக் கயிறு போட்டுக் கட்டி, சைடு காரில் அத்தையும் நானும் நெருக்கிக்கொண்டு அடையாற்றுப் பாலத்தைக் கடந்தபோது காற்று எங்களைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. குப்பத்து மணலில் வண்டி நின்றது. வழக்கம்போலப் பிள்ளைகள் வந்தார்கள். வழக்கம்போலப் பெண்கள் வரவில்லை. அத்தை ஒரு பூவரச மரத்தடியில் ஆர்மோனியத்தை இறக்கி வைத்து, என்னைத் துருத்தியை அழுத்தச் சொல்லிவிட்டு, இடது கையால் கட்டைகளைத் தடவினாள். பாட்டு நொண்டியது. எனக்கே சகிக்கவில்லை.

கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னாம்மா, கையில இன்னா கட்டு?”

அத்தை கட்டைகளிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, “வண்டி சுட்டுடுச்சு” என்றாள்.

“சூடுன்னு தெரிஞ்சிக்கினே அத எதுக்குத் தொட்டே?”

“தெரியலியே. கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்ணத் தொட்டேன்.”

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் இரண்டு குடிசைகளின் தட்டிக் கதவுகள் திறந்தன. “சாமி கும்புடப் போயி சுட்டுக்கினியா? அட, இத்தப் பாரு” என்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கற்பூரம் ஏற்றும்போது சுட்டதாம். இன்னொருத்தி, தாங்கள் மாதா கோயில்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு, மெழுகுவர்த்தி ஒழுகிய தழும்பைக் காட்டினாள். கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள். களிம்பு நல்ல களிம்பு என்றார்கள். பேச்சு வளர்ந்தது. பிள்ளைப்பேறு, கடலுக்குப் போனவன், குடிக்கிறவன் எல்லாம் வந்தது. நடுவில் எப்போதோ அத்தை காணாமற்போன ஆட்டின் கதையைச் சொன்னாள். காது இல்லாத ஆட்டைப் பார்த்து அவர்கள் பரிதாபப்பட்டார்கள். என்னிடம் மூச்சு விடாதே என்று சொன்னவள் இங்கே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். புறப்படும்போது, அடுத்த வாரமும் வா என்றார்கள்.

வண்டி திரும்பியபோது கோயில் வாசலில் அப்பாவும் பெரிய மூப்பரும் நின்றிருந்தார்கள். அத்தை இறங்கியதும் ஆர்மோனியத்தை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். மூப்பர் அவளிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா என்னைத் தம் முன்னால் இழுத்து நிறுத்தி, தோளைப் பிடித்துக்கொண்டார்.

“கூடப் போனது நீதான். நீயே சொல்லு. இன்னிக்கு இங்கேருந்து வண்டி கிளம்பினதுலேருந்து திரும்பி வந்து நின்ன வரைக்கும் அத்தைக்கு ஏதாவது ஆச்சா?”

“இல்லப்பா. ஒண்ணும் ஆகல.”

அப்பா மூப்பரைத் திரும்பிப் பார்த்தார். குழந்தை சொல்லிவிட்டாள், இனி என்ன என்பது போல ஒரு பார்வை. மூப்பர் அத்தையின் முதுகைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷம் முழுக்க அத்தை வாராவாரம் போனாள். அடுத்த வருஷமும் போனாள். அவளைப் பார்த்து இரண்டு பெண்கள் அந்த வேலைக்கு வந்தார்கள்.

பொய் சொல்லாத அப்பாவை நான் ஏமாற்றிவிட்டேன் என்று அன்று படுக்கையில் எனக்கு ஒரே உதறல். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன். அப்பாவை ஏமாற்றிவிட்ட சாமர்த்தியத்தை நினைத்து நடுவில் கொஞ்சம் சந்தோஷமும் பட்டுக்கொண்டேன்.

அப்பா காலமாகி வெகுகாலம் கழித்து ஒரு நாள் அம்மாவிடம் அந்தக் களிம்பைப் பற்றிப் பேச்சு வந்தது. உன் களிம்புதான் அன்றைக்குக் காரியத்தைக் காப்பாற்றியது என்றேன். அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள். அத்தை கை சுட்ட விஷயமே தனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும் என்றாள். எனக்கு அந்த வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் தீப்புண்ணுக்குக் களிம்பு அடிக்கத் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர்தானே இருந்தார். “இங்கேருந்து வண்டி கிளம்பினதுலேருந்து” என்று அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டதும் அப்போதுதான் விளங்கிற்று. கை சுட்டது அதற்கு முந்தைய நாள். நான் பொய்யே சொல்லவில்லை. பொய் சொல்ல அவசியமில்லாதபடி அவர் கேட்டிருக்கிறார்.

அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்றுதான் அம்மா யோசித்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஜெபத்தில் நான் கண்ணைத் திறந்திருந்ததை ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்துக் குட்டியவர் அவர். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்?