காரின் மேல் படக்கூடாத தூசி

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில், கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் வேலை. "பவுடர்கூட போட்டுக்கினு போவ மாட்டேன். ஒரு தூசி பட்டாலும் பெயிண்ட் கெட்டுடும்" என்று பெருமையடிப்பார். சொல்லிக்கொண்டே, எங்கள் ஒற்றை அறையில், ஆஸ்துமா இருக்கிற பிள்ளையின் தலைமாட்டில் சிகரெட் பற்றவைப்பார். கத்தினால், "ஜன்னல் தொறந்துதான கீது" என்பார்.

போன மாதம் பிள்ளைக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இவர் தரையைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்குள், பிள்ளை முகத்திலிருந்த மாஸ்க்கை விலக்கி, "அப்பா சிகரெட் பிடிக்க மாட்டாரு" என்றான். அவ்வளவு பேசத்தான் அவனிடம் மூச்சு இருந்தது. அதையும் அப்பனுக்கே செலவழித்தான்.

நான் டாக்டரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் இவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.