மாடி அறையில் இருந்த வெள்ளைப் பொடி

பரமத்தி வேலூரில் எங்கள் மாடியில் குடியிருந்த ஆராய்ச்சி மாணவி, அறைக்குள் யாரையும் விடமாட்டாள். ஜன்னல் வழியே வெள்ளைப் பொடிக் குப்பிகளைப் பார்த்ததும், போதைப்பொருள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் நாமக்கல் கிளம்பியதும் மாற்றுச் சாவியால் திறந்து, இரண்டு குப்பிகளை ஒரே காகிதத்தில் கொட்டி முகர்ந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பியவள் வாசலில் நின்றாள்.

"கடலடி மண்ணுங்க. பல லட்சம் வருசத்துக்கு முந்தி மிதந்த நுண்ணுயிரிகளோட ஓடு. ஒண்ணு பூமத்திய ரேகைப் பக்கம், இன்னொண்ணு துருவத்துப் பக்கம். எங்கே எத்தனை வகைன்னு எண்ணிட்டிருந்தேனுங்க."

"மறுபடி கெடைக்குமா சாமி?"

"கெடைக்காதுங்க. கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன்."

திட்டவில்லை. நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். சல்லடைபோல் துளைகளோடு அழகழகான ஓடுகள். எந்த ஓடு எந்தக் கடலுடையது என்று இனி அவளாலும் சொல்ல முடியாது. அவை அத்தனை அழகாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.